பால் காய்ச்சிய கூடாரம்

விமலா அக்கா சிலிப்பரைக் கழற்றி ஜோடியாக வெளியே வைத்துவிட்டு, முழங்கால் வரை குனிந்து, வலது காலை முதலில் உள்ளே விடுகிறார். ஐம்பத்தெட்டு வயதில் இது லேசான காரியமில்லை. இரண்டு முறை சாய்ந்த பிறகுதான் உள்ளே போகிறார். 'சர்ர்' என்று ஜிப் மூடுகிறது.

மகன் தனேஸ்வரன் வீட்டுப் போர்ச்சில், மைவி கார் நின்ற இடத்தில், இப்போது நீலக் கூடாரம். அக்காவின் அறைக்குள் பேரன்களின் கட்டிலும் மருமகளின் இஸ்திரிப் பலகையும் குடியேறிய வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்தார். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பகலெல்லாம் பிறர் அறைகளைக் கூட்டுபவர்.

ஜிப்பில் சைக்கிள் மணி கட்டியிருக்கிறார். அடிக்காமல் கூப்பிட்டால் பதில் வராது. "ரூமுல இருந்தப்போ கதவத் தட்டுனீங்களா? இப்ப மணி அடிங்கலா." சாப்பிடக் கூப்பிட மருமகளும் மணி அடிக்கிறாள். எதிர் வீட்டுக்காரியான நானும், வடைக் கிண்ணத்தோடு போய், அடித்திருக்கிறேன்.

குடிபோன அன்று மாவிலை கட்டிப் பால் காய்ச்சினார். நைலான் கருகிவிடுமே என்று அடுப்பு வெளியே, அக்கா உள்ளே, கரண்டி பிடித்த கை மட்டும் நடுவில்.

மைவி வெயிலில் காய்வது தனேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "ம்மா, தினம் காலைல நீங்களே மடிச்சு வச்சா இருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள மடிக்கக் கத்துக்கலன்னா, யாருக்காச்சும் குடுத்துருவேன்."

உதறினால் தானே விரியும் ரகம் அது. மடிப்பதற்குத்தான் வித்தை வேண்டும். வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே நான்கு நொடியில் மடிக்கிறாள். ஞாயிறு காலை அக்கா அரை மணி நேரம் அதை முறுக்கினார், மிதித்தார், கடைசியில் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மடிந்துவிட்டது. "ஆச்சு!" என்று எழுந்தார். கூடாரமும் எழுந்தது. அது இடித்ததில் தனேஸ்வரன் குடித்துக்கொண்டிருந்த மைலோ பூந்தொட்டிக்குப் போனது.

"சொன்னேன்ல, முடியாதுன்னு."

அக்கா மூச்சு வாங்கினார். "முடியாம இல்ல. பால் காய்ச்சுன வூட்ட எவனாச்சும் மடிப்பானா?"

"அப்ப காடிய எங்க நிப்பாட்றது?"

"இங்கயே நிப்பாட்டு. எதிர் வூட்டு போர்ச் சும்மாத்தானே கெடக்கு."

எனக்குக் கார் இல்லை என்பது உண்மை. என்னை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அக்கா கூடாரத்தைச் சாய்த்து, அதன் வாசல் வழியே தலையை நுழைத்துத் தூக்கினார். கால் முளைத்த கூடாரம், மணி கிணுகிணுக்க, கேட்டைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு நின்றது. சன்னல் ஜிப் திறந்து ஒரு கை வெளியே வந்தது. தெருநாய் நுழையாதபடி மகன் வீட்டுக் கேட்டுக்குக் கொண்டி போட்டுவிட்டு, உள்ளே போனது.