கொல்லைப்புறத்தில் ஒரு மத்தியதரைக்கடல்

இந்த ஊரில் கழுவிய தட்டை யாரும் வெயிலில் கவிழ்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, சுவரில் ஓர் அலமாரி இருக்கிறது. கதவு உண்டு, பக்கங்கள் உண்டு, அடிப்பலகை மட்டும் கிடையாது. உள்ளே கம்பி வரிசை. ஈரத் தட்டைச் செருகிக் கதவைச் சாத்திவிட்டால் தண்ணீர் தானாகத் தொட்டியில் சொட்டிவிடும். அதற்கு எஸ்குர்ரேப்ளாத்தோஸ் என்று வாய் கொள்ளாத ஒரு பெயர். ஸ்பெயினின் கிழக்குக் கரையில், காஸ்தெயோனுக்குப் பக்கத்துச் சிற்றூரில் நாங்கள் குடிவந்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டுக்காரர் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். சாவியைக் கொடுக்கும்போது அவர் சிரித்த சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு பிலார் அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, வெறும் அலமாரியைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து "இல்லை" என்று சைகை செய்தேன். அவர் முகம் இரக்கத்தில் குழைந்துபோயிற்று. ஓடிப்போய் ஒரு கட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். சாப்பிடத் தட்டுகூட இல்லாமல் வந்த குடும்பம் என்று அவர் மனதில் பதிந்தது பதிந்ததுதான். இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வந்தால் எனக்கு அவர் தருவது ஒரு பீங்கான் தட்டு.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கறிவேப்பிலையைச் சும்மா கொடுக்கிற கடைக்காரரிடம் கத்திரிக்காயை மறுபடி நிறுக்கச் சொல்கிறவள் நான். என் கணவர் நேர் எதிர், வெளுத்ததெல்லாம் பால் என்று இருப்பவர். இங்கே டைல்ஸ் தொழிற்சாலையில் பளபளப்புப் பூசும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஆனால் இந்த ஊர்ச் சமையலறை என்னை மெதுவாக வளைத்துப் போட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர், அதில் இடுப்புயரம் நீலப் பூப்போட்ட டைல்ஸ், கதவுக்குப் பதிலாக ஒரு வளைவு, நடுவில் கனத்த மரமேசை. சமைக்கிறவள் சுவரைப் பார்த்தபடி முதுகு காட்டி நிற்க வேண்டியதில்லை. மேசையைச் சுற்றி நின்று நான்கு பேர் நறுக்கலாம், பேசலாம், சண்டையும் போடலாம். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு ஊரில் இருக்கும் சமையலறைதான் நினைவுக்கு வரும்.

ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, வாய்க்கால் தாண்டினால் வரும் கிராமம். மாமனார் மாமியார் காலத்துக்குப் பிறகும் பாகம் பிரிக்காத வீடு, பாகம் பிரிக்காத நிலம். கொழுந்தனார் செல்வம் சாகுபடி பார்க்கிறார். அவர் மனைவி மல்லிகா, என் ஓரகத்தி, வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். எங்களுக்குத் திரும்பிப் போக உலகத்தில் இருக்கிற ஒரே இடம் அது. இங்கே வேலை போனாலும் உடம்பு போனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலில்தான் இறங்க வேண்டும். ஆனால் அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு பெண்கள் நிற்க முடியாது. மல்லிகா தாளித்தால் நான் முற்றத்துக்கு வர வேண்டும். நான் உள்ளே போனால் அவள் கையைப் பிசைந்துகொண்டு வாசற்படியில் நிற்பாள். மாடு கன்று போனபின் கொல்லையில் கொட்டகை சும்மாதான் கிடந்தது. அங்கே ஒரு மத்தியதரைக்கடல் சமையலறை கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். வீடு எங்களுக்கும் வீடாக இருக்க வேண்டும், ஊருக்குப் போனால் நான் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

இங்கிருந்தே வரைந்து வரைந்து போனில் அனுப்பினேன். வளைவைப் பார்த்த கொத்தனார், "சாமி அறையா?" என்று கேட்டாராம். அலமாரிப் படத்தைப் பார்த்த ஆசாரி, அக்கா அடிப்பலகையை மறந்துவிட்டார் போல என்று தானாக ஒரு பலகையை அடித்து வைத்துவிட்டார். கழற்றச் சொன்னதற்கு, "நல்லாதானேங்க இருக்கு" என்று அவருக்கு வருத்தம். இவர்களோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சிரமமாக இல்லை. என்னை உறுத்தியது மல்லிகாதான். டைல்ஸ் நீலமா பச்சையா என்று கேட்டால், "உங்களுக்குப் புடிச்சதைப் போடுங்கக்கா" என்பாள். மேசை எந்தப் பக்கம் என்றால், "சரிங்கக்கா." ஜன்னலைப் பெரிதாக வைக்கலாமா என்றால், "சரிங்கக்கா." தான் சமைக்கப்போகிற இடத்தைப் பற்றி ஒரு பெண்ணுக்கு ஒரு கருத்துகூட இருக்காதா? எதிர்த்துப் பேசுகிற ஓரகத்தியைச் சமாளித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவள் மனதில் என்ன வைத்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்தது. ஒரு நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிடு என்று மல்லிகாவிடம் சொன்னேன். என் அப்பாவுக்கு ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா முதல் காரியமாகப் பால் காய்ச்சுவார். பொங்கி வழிந்ததும் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் ஆளுக்குக் கொஞ்சம். எனக்குப் பால் காய்ச்சுவதென்றால் இவ்வளவுதான், ஒரு சந்தோஷம். மல்லிகாவோ நழுவிக்கொண்டே இருந்தாள். முதலில் ஆடி மாதம் என்றாள், பிறகு நடவு என்றாள், மார்கழி என்றாள், அறுப்பு முடியட்டும் என்றாள். ஒரு நாள் வீடியோவில் பேசும்போது கட்டாயப்படுத்திப் போனைக் கொல்லைப் பக்கம் கொண்டுபோகச் சொன்னேன். என் மரமேசை மேல் நெல் மூட்டை. அடுப்பில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: "அக்கா, நீங்க நிரந்தரமா வந்துடப் போறீங்களா?" எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வராமலே இருந்தால் நல்லது என்று நினைக்கிறாள். சமையலறையைக் களஞ்சியமாக்கி வைத்துக்கொண்டு எங்களை வாசலோடு அனுப்பப் பார்க்கிறாள். என் கணவரிடம் சொன்னதற்கு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சம்பா அறுவடை முடிந்த கையோடு, தை மாதத்தில் போய் இறங்கினோம். மூட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். வெள்ளைச் சுவரும் நீல டைல்ஸும் தஞ்சாவூர் வெயிலில் நான் நினைத்ததைவிட அழகாகத்தான் இருந்தன. ஆனால் கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவர் வரை கொல்லையின் குறுக்கே முளைக்குச்சிகள் அடித்துக் கயிறு கட்டியிருந்தது. புதுச் சமையலறை கயிற்றுக்கு அந்தப் பக்கம். வேலி போடப் போகிறார்கள் என்று புரிந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு, யாரையும் கேட்காமல், பால் சொம்பை எடுத்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். பிளாஸ்டிக்கை நானே உரித்தேன். தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு திரும்பினால், வளைவுக்கு வெளியே மல்லிகா நிற்கிறாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

"ஏன் அங்கேயே நிக்கிற? உள்ள வா."

"வேணாங்கக்கா. நீங்க காய்ச்சுங்க."

அவளுக்குப் பின்னால் செல்வம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணி, பாலைக் காய்ச்சுங்க, நான் தடுக்கல. ஒரே ஒரு வார்த்தை. கெணத்தை மட்டும் பொதுவுல விட்டுடுவோம். கொல்லையை நானே அளந்து வச்சிட்டேன். அண்ணன் வாய்தொறந்து கேக்குற சங்கடம் வேணாம் பாருங்க. வாய்க்கால் ஓரத்து வயலை நீங்களே எடுத்துக்குங்க. மேட்டு நெலம் எனக்குப் போதும்."

"எதுக்கு? யாரு பாகம் கேட்டா?" என்றேன்.

அவர் அடுப்பைக் காட்டினார். "இது என்னங்க அண்ணி? ரெண்டாவது அடுப்பு போட்டாச்சுல்ல. எங்க பெரியப்பா எங்கப்பாவை விட்டுப் பிரிஞ்சப்பவும் முதல்ல இப்படித்தான் கொல்லையில பாலைக் காய்ச்சினாரு. நெலத்தை அளந்ததெல்லாம் அப்புறம். ஊர்ல எல்லாரும் எப்ப பிரிஞ்சீங்கன்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

வாடகை வீட்டுப் பெண்ணான எனக்கு இது யாரும் சொல்லித்தராத பாடம். அந்தக் கிராமத்தில் ஒரே மனையில் இரண்டாவது அடுப்பு எரிந்தால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று பொருள். பத்திரமெல்லாம் பிறகு. வீட்டில் எனக்கு ஓரிடம் வேண்டுமென்று நான் வரைந்த ஒவ்வொரு கோடும், அவர்களுக்கு வீட்டைக் கிழிக்கிற கோடாகத் தெரிந்திருக்கிறது. நான் அவளைச் சந்தேகப்பட்ட அதே மாதங்களில் அவள் என்னைச் சந்தேகப்பட்டு, அழுது, கடைசியில் சரி சரி என்று விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சத்தம் கேட்டு வந்து நின்ற கணவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு இது தெரியாதா?" "தெரியும். நீ சமையலறைன்னுதானே சொன்ன, அடுப்புன்னு சொல்லலியே" என்றார். அடுப்பில்லாமல் சமையலறை கட்டுகிற மனிதரோடுதான் நான் கடல் கடந்து குடும்பம் நடத்துகிறேன்.

"பழைய அடுப்பை மூடிடுவோம் மல்லிகா. எல்லாரும் இங்கேயே சமைப்போம். ஒரே அடுப்பாயிடும்ல?" என்றேன்.

அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க ஊருக்குப் போனதுக்கப்புறம் நான் யாரு அடுப்புலக்கா சமைக்கிறது?"

பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு பழைய சமையலறைக்குப் போய் அவள் அடுப்பில் வைத்தேன். அந்த இடுக்கில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கியது. கொல்லையில் செல்வம் முளைக்குச்சிகளைப் பிடுங்கிப் போடும் சத்தம் கேட்டது. அடக்க முடியாமல் அழுதேன், அவளும் அழுதாள்.

நாங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் மல்லிகா ஒரு காரியம் செய்தாள். தன் அடுப்பிலிருந்து கைவிளக்கில் திரி பற்றவைத்து, முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு கொல்லையைக் கடந்து வந்து, என் புது அடுப்பை அதில் ஏற்றினாள். "ஒரே நெருப்புதானேக்கா. இனிமே எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது. நீங்க வர்றப்பல்லாம் நானே வந்து பத்தவைக்கிறேன்." அதில் காபி போட்டுக் குடித்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அது பொய்யில்லை. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்கிறதா? அப்படியானால் அவள் நெருப்புக் கொண்டுவராமல் அந்த அடுப்பை நான் இனி தொட முடியாது என்று அது எடுத்துச் சொல்லிற்று. இது அன்பா, உரிமையை அவள் கையிலேயே வைத்துக்கொள்ளும் சாமர்த்தியமா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும்.

இங்கே திரும்பிய வாரம் பிலார் வந்தார். போனில் நீல டைல்ஸ் படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். தன் பாட்டியின் ஊர்ச் சமையலறை மாதிரியே இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். "நோசோத்ரோஸ்" என்றேன், நாங்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் நின்றுகொண்டிருந்த சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், என் ஸ்பானிஷ் தவறிவிட்டதென்று நினைத்து, "எல்லோஸ்" என்று திருத்தினார். அவர்கள். தலையாட்டி வைத்தேன்.

அவர் போனபின் சோற்றுக்கு உலை வைத்தேன். இங்கே அடுப்பு என்பது ஒரு கறுப்புக் கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் ஓர் எண் ஒளிரும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிக்கும். நெருப்பு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதில் ஏற்ற மல்லிகாவாலும் முடியாது, அணைத்தாலும் எதுவும் அணைந்ததாகத் தெரியாது. அரிசியைக் களைந்து போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெருப்பு எரிகிற இடம்தான் குடித்தனம் என்ற எங்கள் ஊர்க் கணக்குப்படி பார்த்தால், இத்தனை வருடமாக நான் இங்கே குடித்தனமே நடத்தவில்லை.