பெட்டக அறையில் ஒன்பது நாள்

1988ஆம் ஆண்டு, ஏப்ரல் மாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து எங்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. நகரத்தின் நடுவே, மூன்றாம் மாடியில் இருந்த ஒரு சட்டத்தரணி கந்தோரில், வக்கீல் அலுவலகம்தான், நான் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் சரி. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம், பத்திரம் உறுதிப்படுத்தும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்காக இருந்தவள் நான். காணி உறுதிகளை, அதாவது வீடு நிலப் பத்திரங்களை, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே எழுதி வைப்பேன். நொத்தாரிசு ஐயா கையெழுத்துப் போடுவதற்கு முன் பத்திரத்தைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவளை ஒரு மூலையில் இருத்தி, அடுத்தவர் எழுதிய கடிதத்தைத் தட்டு என்றால் எப்படி இருக்கும்?

என் சட்டத்தரணி நல்ல மனிதர். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். சட்டத்தரணி அலுவலகங்களில் பத்திர வேலை செய்யும் கிளாக்மாருக்கென்று நகரத்தில் ஒரு சங்கம் இருந்தது. சட்டத்தரணி கையெழுத்துப் போடும் இடம்வரை எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டு, பெயர் வெளியே தெரியாமல் இருப்பவர்களின் சங்கம். அது என்னை உறுப்பினராக ஏற்றுக்கொண்டால், தட்டச்சு மேசையிலிருந்து எடுத்து என்னிடமே கோப்புகளைத் தருவதாகச் சொன்னார். சேர்வதற்கு இரண்டு வழி. இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். இல்லையென்றால் போதிய வருட அனுபவத்தைக் காட்ட வேண்டும். நான் எந்த வழியைப் பிடித்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

மாதம் ஒருமுறை, வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு, ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடுவார்கள். தேநீரும் பிஸ்கற்றும் இருக்கும். பிப்ரவரிக் கூட்டத்துக்குச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். அந்த அறையில் சேலை உடுத்தியவள் நான் ஒருத்திதான். சங்கத்தின் செயலாளர் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், என்னைவிடப் பத்து வயது இளையவள். கட்டையாக வெட்டிய சிவந்த முடி, காதிடுக்கில் பென்சில், சிரிப்பென்பது மருந்துக்கும் கிடையாது. வேறொரு அலுவலகத்தில் பத்திரக் கிளாக்காக இருந்தாள். விண்ணப்பத்தில் அனுபவம் எத்தனை வருடம் என்று இருந்த இடத்தில் நான் ஒன்பது என்று எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டிலா என்று கேட்டாள். இல்லை என்றேன். இந்த நாட்டு அனுபவத்தை மட்டும்தான் இதுவரை கணக்கில் எடுத்திருக்கிறோம், மே மாதக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம் என்றாள்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "உறுதி எங்கே எழுதினாலும் உறுதிதான்," என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த வசனம் பிறகு என் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கி நின்றது.

ஏப்ரல் தொடக்கத்தில் எங்கள் கந்தோரின் பத்திரக் கிளாக் மூன்று வாரம் லீவில் போனார். வேறு ஆள் இல்லாததால் அவர் மேசையில் இருந்த ஒரு கோப்பைச் சட்டத்தரணி என்னிடம் தந்தார். நகரத்துக்கு மேற்கே ஹென்டர்சனில் ஒரு சிறு வீடு. வாங்குபவர்கள், எங்கள் கட்சிக்காரர்கள், ஒரு கணவனும் மனைவியும். அவர் பஸ் ஓட்டுபவர், அவள் நியூ லின்னில் ஒரு தொழிற்சாலையில் தையல் வேலை. விற்பவர் ஒரு கட்டடக்காரர். அதற்கு முந்திய வருடக் கடைசியில் பங்குச்சந்தை விழுந்ததிலிருந்து கட்டடக்காரர்கள் பலர் ஆட்டம் கண்டிருந்த காலம் அது.

குறித்த நாளில் வங்கிக் காசோலையோடு மற்றத் தரப்புச் சட்டத்தரணியின் கந்தோருக்குப் போனேன். விற்பவர் கையெழுத்திட்ட, வீட்டைக் கைமாற்றும் பத்திரத்தையும் வீட்டு உரிமைப் பத்திரத்தையும் வாங்கி, ஒவ்வொரு கையெழுத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். திரும்பி வந்து எல்லாவற்றையும் நாடாவால் கட்டி, பெயர் எழுதி, பத்திரங்களைப் பூட்டி வைக்கும் பெட்டக அறைத் தட்டில் வைத்தேன். தொலைபேசியில் அந்த மனைவியை அழைத்து, வீடு இனி உங்களுடையது என்று சொன்னேன். அன்று நான் படியில் இறங்கவில்லை, மிதந்துதான் இறங்கினேன்.

நான் விட்ட பிழை இதுதான். ஊரில் நொத்தாரிசின் முன்னால் சாட்சிகளோடு கையெழுத்து விழுந்தால் காணி கைமாறியதாகத்தான் நாங்கள் நினைப்போம். காணிப்பதிவுக் கந்தோருக்குப் பிரதி அனுப்புவது நொத்தாரிசின் சொந்த வேலை. மாத முடிவில் அவரே அனுப்புவார். கிளாக்காகிய நான் ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. இங்கே நிலைமை வேறு. அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை, என்ன கையெழுத்து இருந்தாலும் வீடு வாங்கியவரின் பெயரில் இல்லை. பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டியது வாங்குபவரின் சட்டத்தரணியிடம் இருக்கும் கிளாக். அதாவது நான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை என்று சொல்லித் தப்பலாம். நானும் கேட்கவில்லையே! கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பதி ஒரு கடதாசிப் பை நிறையக் கொய்யாவைப் போன்ற பீஜோவாப் பழத்தோடு வந்தார்கள். வீட்டின் பின்னால் நின்ற மரத்தில் பறித்ததாம். எங்கள் மரம், எங்கள் மரம் என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள். பையை என் மேசையில் வைத்துக்கொண்டேன். தட்டச்சு இயந்திரத்தைச் சுற்றி அதன் வாசம் நிறைந்திருந்தது.

அடுத்த நாள் மாலை சங்கக் கூட்டம். அன்று பேசியது அந்தச் செயலாளர். ஒரு கிளாக்கின் கதை என்று ஆரம்பித்தாள். வீடு கைமாறிய பிறகு அந்தக் கிளாக் பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோகாமல் பதினொரு நாள் மேசையின் இழுப்பு லாச்சியில் வைத்திருந்தாராம். அதற்கிடையில் விற்றவருக்குக் கடன் கொடுத்த ஒருவர் போய் அந்த வீட்டின்மேல் பதிவேட்டில் தடை போட்டுவிட்டார். வீட்டில் குடியேறியிருந்த குடும்பம் தங்கள் பெயரை ஏற்ற முடியாமல் எட்டு மாதம் அலைந்தது. எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டக அறைத் தட்டில் நாடா கட்டிக் கிடந்த அந்தக் கோப்பு கண்முன்னால் வந்தது. கையிலிருந்த தேநீரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கந்தோர் பூட்டியாகிவிட்டது. பூட்டின் திறப்பும் என்னிடம் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கந்தோர் வாசலில் நின்றேன். சட்டத்தரணி படியேறி வரும்போது அங்கேயே வைத்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. முதலில் போங்கள், பிறகு பேசலாம் என்றார். பெட்டகத்தைத் திறந்து கோப்பை என் கையில் தந்தார். ஒன்பதாவது நாள்.

காணிப்பதிவுக் கந்தோரில் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை நீண்டிருந்தது. நான் கடைசியில் நின்றேன். வரிசையின் முதல் ஆளாக நின்றது அந்தச் சிவந்த முடிக்காரி. திரும்பிப் பார்த்தவள் என்னைக் கண்டு நேரே வந்தாள். என் கையில் மேலாக இருந்த பத்திரத்தின் திகதியைப் பார்த்தாள். பத்திரக் கிளாக்குக்கு ஒரு திகதி போதும், முழுக் கதையும் விளங்கிவிடும். என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய் முன்னால், தன்னுடைய இடத்தில், விட்டாள். விட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.

கவுண்டரில் இருந்தவர் பதிவேட்டைப் புரட்டும்போது நான் கும்பிடாத சாமி இல்லை. தடை எதுவும் இல்லை. நேரத்தைக் குறித்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. கட்டடக்காரருக்குக் கடனுக்கு மரப்பலகை கொடுத்த வியாபாரியின் சட்டத்தரணி எழுதியிருந்தார். அந்த வீட்டின்மேல் தடை போடப் போனார்களாம். வீடு ஏற்கெனவே எங்கள் ஆட்களின் பெயருக்கு மாறியிருந்ததால் முடியவில்லையாம். எப்போது பதிந்தீர்கள் என்று கேட்டிருந்தார். என் சட்டத்தரணி கடிதத்தை என்னிடம் வாசிக்கத் தந்தார். சரிபார்க்காமல் விட்டது தன் பிழை என்றார். ஆனாலும் முறையாகத் தகுதி பெறும்வரை இனிக் கோப்புகள் வேண்டாம் என்றும் சொன்னார். நான் திரும்பத் தட்டச்சு மேசைக்குப் போனேன். அழுகை வந்தது. அதைவிட என்மேல் கோபம்தான் அதிகமாக வந்தது.

மே மாதக் கூட்டத்தில் என் விண்ணப்பம். ஒன்பது வருட அனுபவத்தைப் பற்றி மூன்று பக்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றபோது என் கணவர் நம்பவில்லை. அவர் ஊரில் கணக்காளராக இருந்தவர். இங்கே நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பொதி செய்துகொண்டிருந்தார். வீட்டில் ஒருவராவது தன் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு.

"இஞ்சேரும், வீடு அவையின்ர பேரில பதிஞ்சாச்சு. உம்மட பொஸ்சும் பெரிசு படுத்தேல்லை. பிறகேன் சபையில எழும்பி நிண்டு உம்மட தலையில நீரே மண் போடுறீர்?"

"அந்தச் செயலாளர்ப் பெட்டைக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய் திறக்கேல்லை. அவவுக்கு முன்னால நிண்டு எனக்கு எல்லாம் தெரியுமெண்டு கதைக்க என்னால ஏலாது."

கூட்டத்தன்று மாலை அவரும் என்னோடு ரயிலில் நகரம்வரை வந்து, நூலக வாசலில் நின்றார்.

கூட்டத்தில் என் முறை வந்தது. செயலாளர் குறிப்பேட்டோடு எதிரே இருந்தாள். அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எழுந்து நின்றேன். ஆட்களின் பெயரையோ கந்தோரின் பெயரையோ சொல்லாமல், பெட்டகத் தட்டில் கோப்பை வைத்ததிலிருந்து முத்திரை குத்தியதுவரை எல்லாவற்றையும் சொன்னேன். உறுதி எங்கே எழுதினாலும் உறுதிதான் என்று பிப்ரவரியில் சொன்னது பிழை, குறிப்பேட்டில் அதையும் திருத்துங்கள் என்றேன். கடைசியாக ஒன்றைக் கேட்டேன். "என் ஒன்பது வருடத்தையும் முழுதாக எடுக்காதீர்கள். முழுதாக எறியவும் வேண்டாம். எனக்குத் தெரியாதது எது என்று சொல்லுங்கள், அதைப் படித்துக்கொண்டு வருகிறேன்."

யாரும் கைதட்டவில்லை. விதியில் பாதி அனுபவம் என்று ஒன்றில்லை, வகுப்புக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. ஒன்பது வருடம் ஒரு வரியில் போய்விட்டது. அந்த நிமிடமே வகுப்புக்குப் பதியும் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பேனாவைக் கொண்டுவந்து தந்தது செயலாளர். மற்றவர்கள் தேநீர் மேசைக்குப் போனபிறகு, நான் படிவத்தை நிரப்பும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"உங்களுடையது ஒன்பது நாள். என்னுடையது பதினொரு நாள். அது யாருடைய கதை என்று இங்கே இன்றுவரை யாருக்கும் தெரியாது."

அவள் கையைப் பிடித்தேன். அவள் பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு தேநீர்க் கோப்பைகளை அடுக்கப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. என்னைவிட இருபது வயது இளையவர்களோடு முன் வரிசை வாங்கில் இருந்தேன். தெரிந்ததையும் தெரியாததுபோலக் கேட்டேன், தெரியாததை இரண்டு தடவை கேட்டேன். தேறி உறுப்பினரானேன், கோப்புகள் திரும்ப வந்தன. சங்கத்தின் செயற்குழுவுக்குப் போட்டியிட்டு முதல் தடவை தோற்று, அடுத்த தடவை வென்றேன். போனவுடன் செய்த முதல் வேலை, விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடித்தது. அனுபவம் எத்தனை வருடம் என்பதன் கீழே இன்னொரு வரி: உங்கள் பழைய இடத்தில் உங்கள் வேலை எந்தக் கட்டத்தோடு முடிந்தது, அதன்பிறகு யார் செய்தார்கள்? ஒரு வரிக்கு மூன்று கூட்டம் எடுத்தது. செயலாளர் என் பக்கம் நின்றாள்.

எனக்குப் பிறகு எத்தனையோ நாட்டிலிருந்து எத்தனையோ பேர், எனக்கு இந்த வேலை தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அவர்களை அந்த ஒரு கேள்வி மட்டும்தான் கேட்பேன். அன்று அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஒரு குடும்பம் ஒன்பது நாள், இன்னும் தங்கள் பெயருக்கு வராத வீட்டில், எங்கள் மரம் எங்கள் மரம் என்று பழம் பறித்து அதில் ஒரு பையை எனக்கே கொண்டுவந்து தந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.