எட்டுப் பேருக்கு ஒரு மூச்சு

தீயணைப்பு நிலையத்தில் அவருக்குத் துருத்தி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் சீண்டியதில்லை. முழுக் கவசத்தோடு ஆறு மாடி மூச்சு வாங்காமல் ஏறி மேலே நின்றுகொண்டு, "என்னங்கடா, வர்றீங்களா, இல்ல நானே இறங்கி வந்து தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்கிற ஆள்.

அந்த நிலையத்தின் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். கீழே வண்டிக் கொட்டகை, மேலே படுக்கைக் கூடம், நடுவில் கதவே இல்லாத படிக்கட்டு. காலையில் வண்டியைக் கிளப்பிப் பார்த்தால் டீசல் புகை மொத்தமும் மேலேறித் தலையணைக்குள் குடியேறும். கரி பிடித்த கோட்டுகளை மாட்ட வேறு இடமில்லாமல் கட்டில் தலைமாட்டிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். துவைக்க இயந்திரம் கேட்டு எழுதியவர்களெல்லாம் ஓய்வுபெற்றே போனார்கள், இயந்திரம் வரவில்லை. ஊரார் வீட்டுப் புகைக்கு விழுந்தடித்து ஓடியவர்கள், தங்கள் புகையிலேயே குறட்டைவிட்டுத் தூங்கினார்கள். என்னத்தைச் சொல்ல!

வருடத்துக்கு ஒரு முறை நுரையீரல் சோதனை வரும். மருத்துவ உதவியாளர் ஊதுகிற பெட்டியை மேசையில் வைத்து, "வரிசையா ஊதி, சீட்டை எடுத்து வைங்கப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். சீட்டில் மூச்சின் எண் குறைந்தால் வண்டியிலிருந்து இறக்கி அலுவலகத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். வண்டி ஏறாதவனை அங்கே யாரும் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை.

முதலில் கேட்டவர் ஓட்டுநர். துருத்தியோடு இருபது வருடம் ஒரே வண்டியில் போனவர். "இந்த ஒரு தடவை எனக்கும் சேத்து ஊதிடு மச்சான். சளி நெஞ்சைக் கட்டியிருக்கு."

துருத்தி ஊதினார். ஒரு தடவை என்றது ஆறு வருடமானது. ஒருவருக்கு ஊதியது எட்டுப் பேருக்கானது. அவருக்கோ பெருமை பிடிபடவில்லை.

ஏழாம் வருடம் ஓட்டுநர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். நுரையீரல் கெட்டியாகிவிட்டது என்று கையை விரித்தார் மருத்துவர். இனி காலமெல்லாம் ஆக்சிஜன் வேண்டும். வேலையால் வந்த நோய் என்று இலாகா ஒப்புக்கொண்டால் செலவு முழுக்க அவர்கள் பொறுப்பு. ஆனால் விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது: ஆறு வருடச் சீட்டுகளிலும் நுரையீரல் முதல்தரம், ஆகவே இது வேலையால் வந்த நோயல்ல.

துருத்தி அந்தப் பதிலை வாங்கிப் படித்தார். நேராகப் பெரிய அதிகாரியிடம் போனார்.

"அந்த மூச்சு என்னோடது சார். ஆறு வருஷமும் நான்தான் ஊதினேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்தியிருக்கீங்க. ஏமாத்தினவனுக்கு இலாகா எதுக்குய்யா வைத்தியம் பாக்கணும்? நீயும் இன்னையோட வண்டி ஏற வேண்டாம்."

"நாங்க சொன்னது பொய்தான் சார். புகை பொய்யில்லையே! மேல வந்து ஒரு நாள் படுத்துப் பாருங்க."

"கட்டடம் என் பொறுப்பு இல்ல. அது வேற பிரிவு."

மருத்துவமனை வராந்தாவில் ஓட்டுநரின் மனைவி காத்திருந்தாள். துருத்தி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை.

"ஏன் அண்ணே ஊதினீங்க?"

"அவன் கெஞ்சினான்மா."

"அவரு கெஞ்சத்தான் செய்வாரு. வண்டின்னா அவருக்கு உசுரு. மூச்சு இல்லைன்னு அவருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதே அண்ணே. வருஷா வருஷம் அந்தச் சீட்டைக் கொண்டாந்து காட்டுவாரு. அதைப் பாத்துட்டுத்தான், இருமுற மனுஷன் பக்கத்துல நான் நிம்மதியாத் தூங்கினேன்."