பவளத்துக்கு லாக் புக் போட்ட பூவராகவன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் பல உண்டு. அவற்றில் ஒன்றில், உலையைச் சூடேற்றுவதில் ஆபரேட்டர் பூவராகவனுக்கு நிகர் பூவராகவன்தான். உலையின் உள்பக்கம் பொடியை இடித்துக் கெட்டியாகப் பூசியிருப்பார்கள்; அதற்கு லைனிங் என்று பெயர். புது லைனிங்கை முதல் தடவை சூடேற்றும்போது மணிக்கு நூறு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. அவசரப்பட்டால் விரிசல் விடும், உருகிய இரும்பு பொத்துக்கொண்டு வரும், பிறகு பதவி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் ஓட வேண்டியதுதான். பூவராகவன் இருபத்திரண்டு வருடத்தில் யாரையும் ஓட விட்டதில்லை. மீட்டரைப் பார்ப்பார், லாக் புக்கில் எழுதுவார், கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், மறுபடி மீட்டரைப் பார்ப்பார். ஒருமுறை மேனேஜர் வந்து சீக்கிரம் என்றார். அந்தச் சொல்லையும் நேரம் போட்டு எழுதி, அவரிடமே கையெழுத்துக்கு நீட்டினார். மேனேஜர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வருவதில்லை.

இப்பேர்ப்பட்ட பொறுமைசாலி, பொன்னேரிக்குப் பக்கத்தில் தன் சொந்த வீட்டுக் கூடத்தில், இரண்டு தவணையாகப் பவளத்தை வெள்ளாவி வைத்துக் கொன்றார் என்றால் நம்பத்தான் வேண்டும்.

ஆசை எங்கிருந்து தொற்றியது என்று அவருக்கே தெரியாது. நாலடிக் கண்ணாடித் தொட்டி வந்தது, உப்புத் தண்ணீர் வந்தது, செல்போனிலிருந்தே கூட்டிக் குறைக்கும் நீல விளக்கு வந்தது. கடைசியில், கொளத்தூர்க் கடையிலிருந்து புறநகர் ரயிலில், மடியில் கைக்குழந்தை மாதிரி, உயிருள்ள பவளம் மிதக்கும் தண்ணீர்ப் பை வந்தது. கல் பவளம் விற்கச் சட்டத்தில் தடை, இது மெத்துப் பவளம், தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே வெட்டிப் பதியம் போட்டது, கடல் எந்தத் திசை என்றுகூட இதற்குத் தெரியாது, இடம் ஒத்துக்கொண்டால் பூப்பூவாக விரியும் என்று கடைக்காரர் நற்சான்று கொடுத்திருந்தார்.

பூவராகவன் அன்றைக்கே விளக்கை நூறு சதவீதத்துக்கு ஏற்றினார். முழுசாக எரியாத விளக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. நாலாம் நாள் பவளம் வெளுத்தது. வெளிச்சம் போதவில்லை என்று தீர்மானித்து, எட்டு மணி நேரத்தைப் பதினாலாக்கினார். அது உப்பில் போட்ட நார்த்தங்காய் மாதிரிச் சுருங்கிச் செத்தது. இரண்டாவது பைக்கும் அதே மரியாதை.

மனைவி செங்கம்மாள் இரண்டு சாவுக்கும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது பை வந்த அன்றுதான் திறந்தாள்.

"மாசக் கடைசில மில்லுலேர்ந்து நம்ம நெல்லு அரிசியா வருது. போன வருசம் எலி தின்னதே ஒரு மூட்ட இருக்கும். கண்ணாடில எலி ஏறாது. அன்னிக்குள்ள இது பூக்கலன்னா, தொட்டி எனக்கு."

பூவராகவன் ஒப்புக்கொண்டார். நிலம் அவள் மேற்பார்வையில் விளைவது. எலியும் உண்மை.

மறுநாள் ஆலையில் கிரேன் ஓட்டும் ஜெரால்டிடம் முறையிட்டார். ஜெரால்ட் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"யோவ், புது லைனிங்குக்கு மொத மணி நேரத்துலயே ஃபுல் பவர் குடுத்தா இன்னா ஆவும்?"

"விரிசல் உட்டுக்கும். அறிவு கெட்டவன்தான் அப்பிடிச் செய்வான்."

"அந்த அறிவு கெட்டவன் உன் ஊட்டுல இன்னா பண்ணிக்கினு இருக்கான்?"

பூவராகவன் அன்று டீ குடிக்கவில்லை.

வீட்டில் ஒரு புது நோட்டு லாக் புக் ஆனது. பவளம் தொட்டியின் அடித்தரைக்கு இறங்கியது. விளக்கு இருபது சதவீதம். அதற்கும் தொட்டிக்கும் நடுவே கொசுவலைத் துணி ஐந்து மடிப்பு. நாலு நாளைக்கு ஒரு மடிப்பு உருவ வேண்டும். எல்லா மடிப்பும் போன பிறகே விளக்கை ஏற்றுவது, அதுவும் வாரத்துக்கு ஐந்து சதவீதம். "நேரம், நிலை, குறிப்பு, கையெழுத்து" என்று நாலு பத்தி. அவர் ஷிப்டில் இருக்கும்போது செங்கம்மாள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் போட்டாள். பிறகு, அவர் வீட்டில் இருக்கும்போதும் தன் பத்தியில் வேறு யாரும் எழுதக் கூடாது என்றாள்.

ஆறாம் நாள்: மூடியே இருக்கிறது. பத்தாம் நாள்: மூடியே இருக்கிறது. பதினைந்தாம் நாள்: வெளுக்கவில்லை, பூக்கவும் இல்லை. பூவராகவன் கை செல்போன் பக்கம் போனது. செங்கம்மாள் நோட்டை எடுத்துக் காட்டினாள். ஏற்றுவதானால் ஏற்றட்டும், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்றாள். மேனேஜரின் நிலைமை அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அரிசி வரும் நாளும் வந்தது. ஐந்தாவது, கடைசி மடிப்பை உருவ வேண்டிய நாளும் அதுவே. ஆனால் ஆலையில் அன்று புது லைனிங். பாதியில் விட்டு வர முடியாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது, பத்து மணிக்கு மடிப்பை மட்டும் உருவிவிடு, அப்புறம் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். பவளம் அப்போதும் மூடித்தான் இருந்தது. நாள் முழுக்க மீட்டரில் நூறு டிகிரி ஏறும்போதெல்லாம், தொட்டிக்குள் ஒரு படி அரிசி விழுகிற சத்தம் அவர் காதில் கேட்டது.

மாலை வீட்டு வாசலில் குட்டியானை வண்டியின் டயர்த் தடம் இருந்தது. அவர் தொட்டியைப் பார்க்காமல் நேரே நோட்டுக்குப் போனார். செங்கம்மாளின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது.

"10.00. மடிப்பு உருவியது. 10.40. ஒன்று திறக்குது. 11.30. பச்சையாப் பதினேழு பூ. 12.15. அரிசி நாலு மூட்டை இறக்கியது. தொட்டியில் இடமில்லை. எலி ஏறாத வேறு இடம் உங்க இரும்புக் கட்டில்தான். மூட்டை கட்டில் மேல. ஆபரேட்டர் தரையில்."

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே, அவர் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பூவராகவன் நேரம் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு, பாயை எடுத்து உதறினார்.