ஆர்செனிஸ் அடச்ச பீப்பா

பாட்டில் மேல மண்ணத் தூவிக்கிட்டு இருப்பா பெலகியா, காலங்காத்தால. அவளே கழுவித் தொடச்சு அடுக்கின பாட்டில்தான். எங்க ஊரு எரிமலத் தீவு, வாசல்ல கிடக்கற சாம்பல ஒரு கை அள்ளி, மாவு தூவற மாதிரி விரலிடுக்கால உதிர்ப்பா. கப்பல்ல வர்றவங்க சுத்தமான பாட்டில நம்ப மாட்டாங்க, தூசி படிஞ்சிருந்தாத்தான் பழசுன்னு நினைப்பாங்க. "என்னையும் அப்படித்தான நம்புறாங்க. நான் குளிச்சு தல சீவிட்டு நின்னா ஒருத்தன் போட்டோ புடிக்க மாட்டான்"னு சொல்லுவா.

வயசு அறுபத்தி நாலு. கறுப்புப் பாவாட, கறுப்புச் சட்ட, கறுப்பு முக்காடு. புருஷனுக்குக் கட்டின கறுப்ப அவுக்கலாம்னு நினைக்கறதுக்குள்ள மகனும் போயிட்டான். அப்புறம் அந்தப் பேச்சே இல்ல. முட்டி ரெண்டும் வீங்கிக் கிடக்கும். படி ஏறும்போது முனக மாட்டா, முட்டியத் திட்டுவா: "ஏறு கழுத, இன்னும் பத்து படிதான்."

கொழுந்தன் சிதேரிஸோட ஒயின் கிடங்குலதான் வேல. பாறையக் குடைஞ்ச கிடங்கு. அவ இருக்கற வீடும் அவன் வீடுதான். உல்லாசக் கப்பல் கடல் நடுவுல வந்து நிக்கும், படகுல ஆளுங்கள இறக்கும், பஸ்ஸு மேல ஏத்திக்கிட்டு வரும். ஒரு மணி நேரம். அதுக்குள்ள திராட்சக் கொடியப் பாக்கணும், தொட்டியப் பாக்கணும், மூணு கிளாஸ் குடிக்கணும், திரும்பக் கப்பலுக்கு ஓடணும். கூட்டிட்டுப் போய்க் காட்டறது பெலகியா. அவங்க பாஷையில அவளுக்கு நாலே சொல்லு தெரியும்: வா, பாத்து, குடி, போ. "இத வச்சுப் புருஷன் கூடவே முப்பது வருஷம் ஓட்டிட்டேன். கப்பல்காரன் கூட ஒரு மணி நேரம் ஓட்ட முடியாதா?" மீதியக் கூட வர்ற கைடு பொண்ணு சொல்லிக்கும்.

கொடிகிட்ட போனதும் குனிஞ்சு தரையக் காட்டுவா. எங்க ஊர்ல கொடி நிமிந்து நிக்காது. நிமிந்தா காத்து பிச்சிட்டுப் போயிடும். அதனால கூடை மாதிரி சுத்திச் சுத்தித் தரையோட முடைஞ்சு விடுவோம், பழம் உள்ள ஒளிஞ்சு காய்க்கும். வந்தவங்க ஆளுக்கொரு போட்டோ எடுப்பாங்க. எவனாவது காலால கொடியத் தள்ளிப் பாத்தா மட்டும் பெலகியாவுக்கு அஞ்சாவது சொல்லு ஒண்ணு வரும். அத எந்தக் கைடும் சொல்ல மாட்டா.

அடுத்தது தொட்டி. ஆள் ஆழம். மிதிச்ச திராட்ச அதுல புளிச்சு நொர பொங்கிக் கொதிக்கும். கொதிக்கும்போது ஒரு காத்து வரும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, அடியில போய்ப் படுத்துக்கும். அதனால உள்ள இறங்கறதுக்கு முன்னாடி ஒரு தகர டப்பாவுல மெழுகுவத்தி ஏத்திக் கயித்துல இறக்கணும். அணைஞ்சா இறங்கக் கூடாது, இறங்கினவன் மூச்சு முட்டி அங்கயே விழுந்துடுவான். பெலகியா தெனமும் இறக்கிக் காட்டுவா. கூட்டம் வாயப் பொளந்து பாக்கும்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, செப்டம்பர் மாசம் ஒரு வியாழக்கிழம, கப்பல்காரங்க வர்றதுக்குள்ள தொட்டியச் சுத்தம் பண்ணணும்னு அவ மகன் ஆர்செனிஸ் மெழுகுவத்தி இறக்காம இறங்கினான். முப்பத்தொரு வயசு. சிதேரிஸ்தான் அவசரப்படுத்தினான்னு ஊரே சொல்லும், அவன் முன்னாடி மட்டும் சொல்லாது. பெலகியா அவன் முன்னாடியும் சொல்லுவா, அவன் ஊத்தற சூப்பையும் குடிப்பா. வேற எங்க போவா.

எங்க ஊர்ல மண்ணுக்குள்ள அஞ்சு வருஷந்தான் இடம். அப்புறம் தோண்டி எலும்ப எடுத்து, ஒயின்ல கழுவி, பெட்டியில போட்டுக் கோயிலுக்குப் பின்னாடி எலும்பு வீட்டுல வைக்கணும். பொம்பளைங்க வேல அது. கழுவற ஒயின் சொந்தத் தோட்டத்து ஒயினா இருக்கணும். பீப்பாவத் திறந்ததும் செத்தவன் பங்க முதல்ல எடுத்துடணும், அப்புறம் மீதிய ஊரே குடிக்கலாம், விக்கலாம். உயிரோட இருக்கறவன் வாய்க்குப் போன பின்னாடி எடுத்தா அது எச்சில். எச்சில்ல பெத்த புள்ளையக் கழுவ ஒருத்தியும் சம்மதிக்க மாட்டா.

பெலகியாகிட்ட ஒரு சின்னப் பீப்பா இருந்துச்சு. வெயில்ல காய வச்ச திராட்சையில பண்ணின இனிப்பு ஒயின். சாகறதுக்கு மூணு நாள் முன்னாடி ஆர்செனிஸ் தன் கையால ரொப்பி அடச்சது. அவ அதுக்குக் குழாய் போட விடல. மூடி மேல மெழுக ஊத்தி, மூலையில தள்ளி, சாக்கப் போத்தி வச்சா. வாரத்துல ஒரு தடவ சாக்க விலக்கிப் பீப்பா மேல புறங்கைய வச்சுப் பாப்பா, காய்ச்சல் பாக்கற மாதிரி.

போன சனிக்கிழம ஆர்செனிஸ் குழியத் தோண்டறதுன்னு சாமியார் நாள் குறிச்சார். அன்னிக்குக் கப்பல் கிடையாது. ஆனா வெள்ளிக்கிழம அடிச்ச காத்துல வரவேண்டிய ரெண்டு கப்பல் நிக்க முடியாம ஒதுங்கிப் போய், சனிக்கிழம சேந்து வந்துச்சு.

"அண்ணி, ஒரே ஒரு மணி நேரம். பதினொரு மணிக்கு நானே வண்டியில கொண்டு போய் விடறேன்"னான் சிதேரிஸ்.

"பத்து மணிக்குக் குழியத் தோண்டறாங்கடா."

"தோண்டட்டும். நீ வராம தல எலும்ப வெளிய எடுக்க மாட்டாங்க. எண்பது பேர் வர்றாங்க, நான் ஒத்தையா என்ன பண்ணுவேன்?"

"உன் புள்ளையா இருந்தா இப்படிப் பேசுவியா?"

"எனக்குத்தான் புள்ளையே இல்லையே."

"ஆண்டவன் சில விஷயத்த யோசிச்சுத்தான் பண்றான்"னுட்டு பெலகியா முன்துணியக் கட்டிக்கிட்டா.

முதல் நாப்பது பேரக் கூட்டிட்டுப் போனா. கைடு பொண்ணு பேரு தனாயி, ஏதென்ஸ்காரி, வந்து ரெண்டு வாரந்தான் ஆச்சு. தொட்டிகிட்ட டப்பாவ இறக்கும்போது ஒரு தாத்தா ஏதோ கேட்டார்.

"இதுல யாராவது செத்திருக்காங்களான்னு கேக்கறாரு அம்மா."

"இல்லன்னு சொல்லு. குடிக்க வந்த மனுஷன்."

ருசி பாக்கற இடத்துக்கு அவங்கள விட்டுட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனா. அதையும் முடிச்சுக்கிட்டு வந்தப்ப மணி பதினொண்ணு. முதல் கூட்டம் மூணாவது கிளாஸ்ல இருந்துச்சு. வாசப்படியில கால வச்சவ அங்கயே நின்னா. காஞ்ச அத்திப்பழம், தேன், அதுக்கு அடியில கொஞ்சம் புகைன்னு ஆர்செனிஸோட ஒயின் வாசன அடிச்சுது. சிதேரிஸ் பாட்டில்ல இருந்து ஊத்தல, கூஜாவுல இருந்து ஊத்தினான். பெலகியா நேரா மூலைக்குப் போனா. சாக்கு கீழ கிடந்துச்சு. பீப்பாவுல புதுசாப் பித்தளக் குழாய் அடிச்சிருந்துச்சு. கடைசிச் சொட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

சிதேரிஸ் பின்னாடியே வந்தான். "பாட்டில் தீந்து போச்சு அண்ணி. ரெண்டு கப்பல். நான் மறக்கல, உனக்குன்னு ஒரு பாட்டில் ரொப்பித் தனியா வச்சிருக்கேன். எலும்பு கழுவ அது தாராளம்."

"எப்ப எடுத்த?"

"எடுத்தேன்."

"ஊத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் கையில இருந்த துணியால கூஜாவத் தொடச்சான்.

"சிதேரி. முன்னாடியா, பின்னாடியா?"

"நாலு கிளாஸ் ஊத்தினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. உடனே எடுத்துட்டேன். நாலு கிளாஸுல என்ன போச்சு?"

முன்னாடின்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது. சொல்லல. அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவன் எங்க ஊர்க்காரன்.

பெலகியா கூட்டத்தப் பாத்துக்கிட்டு நின்னா. பெத்தவ அஞ்சு வருஷமா ஒரு சொட்டு நாக்குல வைக்கல. இங்க வெயில்ல செவந்த மூஞ்சிங்க கண்ண மூடிக்கிட்டு உறிஞ்சுதுங்க. தொப்பி போட்ட ஒருத்தி கிளாஸ வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு எதையோ கேட்டா.

தனாயி வந்தா. "இந்த ஒயின்ல என்ன விசேஷம், இவ்வளவு நல்லா இருக்கேன்னு கேக்கறாங்க அம்மா."

"என் மகன் செஞ்சதுன்னு சொல்லு. அந்தத் தொட்டியில செத்தவன். இன்னிக்கு அவன் எலும்பக் கழுவ வச்சிருந்தது. சொல்லு."

அந்தப் பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போச்சு. கூட்டத்தப் பாத்துத் திரும்பிச் சின்னதா எதையோ சொல்லுச்சு. எண்பது பேரும் கை தட்டினாங்க. தொப்பிக்காரி கிளாஸ பெலகியா பக்கம் தூக்கிக் காட்டிட்டுக் குடிச்சா.

"என்னடி சொன்ன?"

"உங்க மகன் செஞ்சதுன்னு."

"மீதி?"

"மீதி எனக்கு வாயில வரல அம்மா."

பெலகியா அவ தோள ஒரு தட்டு தட்டினா. அப்புறம் சுவத்துல மாட்டியிருந்த மரச் சுத்தியல எடுத்தா. பீப்பாவ நிமுத்தி வச்சு, மேல் வளையத்தத் தட்டிக் கழட்டி, மூடிய உள்ளயே அடிச்சுப் பொளந்தா. இதுவும் காட்டறதுல சேத்தின்னு நினைச்சு ஆளுங்க செல்போனத் தூக்கிக்கிட்டுக் கிட்ட வந்தாங்க.

"அண்ணி, என்ன பண்ற, அதுல ஒண்ணும் இல்ல"ன்னான் சிதேரிஸ்.

"குழாய எங்க அடிச்ச நீ?"

"எங்க அடிப்பாங்க, அடியில."

"அடியில இருந்து எவ்வளவு மேல?"

"நாலு விரல்."

"அந்த நாலு விரல் எனக்குப் போதும்."

மண்டி கிடந்துச்சு. அஞ்சு வருஷமாப் படிஞ்ச மண்டி, வெல்லப்பாகு மாதிரி கெட்டியா, கறுஞ்செவப்பா. பெலகியா தோள் வரைக்கும் பீப்பாக்குள்ள கைய விட்டு வழிச்சு ஒரு பித்தளச் சட்டியில போட்டா. மூடிச் சிராய் குத்தி முழங்கை கிழிஞ்சுச்சு. வாசல்ல நின்னவங்க வழி விட்டாங்க. "போ"ன்னு அவங்க பாஷையில சொல்லிட்டு வெளிய வந்தா. சிதேரிஸ் வண்டிக் கதவத் திறந்தான். அவ அதத் தாண்டி நடந்தா. ஏத்தத்துல முட்டியத் திட்டற சத்தம் கூடக் கேக்கல.

கல்லறத் தோட்டத்துல எல்லாம் தயாரா இருந்துச்சு. மண்ணு ஒரு பக்கம் குவிஞ்சிருந்துச்சு. குழிக்குள்ள அன்னேசியோ நின்னா, ஊர்ல எல்லாரோட எலும்பையும் எடுக்கறவ அவதான். வெள்ளத் துணி விரிச்சிருந்தாங்க. சாமியார் கடிகாரத்தப் பாத்தார்.

"எங்கடி ஒயின்?"னு கேட்டா அன்னேசியோ.

பெலகியா சட்டிய நீட்டினா.

"இது மண்டிடி. சேறு மாதிரி இருக்கு. இதுல எப்படிக் கழுவறது?"

"குழாய்க்குக் கீழ கிடந்தது. அவன் திறந்தது அதுக்கு மேலதான். இத எடுத்தது நான், எவன் வாய்க்கும் போகல."

சாமியார் என்னமோ சொல்ல வந்தார். "நீங்க பாட்டப் பாடுங்க சாமி"ன்னா அன்னேசியோ, அவர் பக்கம் திரும்பாமயே. சட்டிய இன்னொரு தடவ பாத்தா. குனிஞ்சு மோந்து பாத்தா. அப்புறம், "கழுவ முடியாது, பூசத்தான் முடியும். பரவால்ல, கொண்டா"ன்னா.

தல முதல்ல வந்துச்சு. சதையெல்லாம் மண்ணு தின்னு முடிச்சிருந்துச்சு, மஞ்சளா, சுத்தமா. சத மிச்சமிருந்தா திரும்பப் புதைக்கணும், அதப் பாத்தப்புறந்தான் பொம்பளைங்களுக்கு மூச்சு வந்துச்சு. பெலகியா அதத் துணியில வாங்கி மடியில வச்சுக்கிட்டா. கண்ணு இருந்த குழியில ஒட்டின மண்ண நகத்தால சுரண்டி எடுத்தா. "பல்லு விளக்கச் சொன்னா விளக்கவே மாட்டான், பாரு, ஒண்ணு விழல"ன்னா. மண்டிய ரெண்டு விரல்ல தொட்டு நெத்தியில இருந்து பூச ஆரம்பிச்சா. அன்னேசியோ கீழ இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தா, தோள், விலா, தொட, கை விரல் கூட எண்ணி. எல்லாத்துக்கும் பூசினா. சட்டி காலியாகற வரைக்கும் சரியா வந்துச்சு. சிதேரிஸ் அந்த ஒரு பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு தோட்டக் கதவுக்கு வெளியவே நின்னான். யாரும் உள்ள கூப்பிடல.

பெட்டிய மூடினாங்க. பெலகியா கை ரெண்டும் மணிக்கட்டு வரைக்கும் கறுப்பாக் காஞ்சிருந்துச்சு. அன்னேசியோ குடத்தத் தூக்கிக்கிட்டு வந்து, "நீட்டு, ஊத்தறேன்"னா.

பெலகியா கைய நீட்டல. சாமியாருக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னு, ஒவ்வொரு விரலா வாயில வச்சுச் சப்பினா.