சந்தனப் பொட்டு வைத்த ஜாய்ஸ்டிக்

மாமா சிங்கப்பூருக்கு லோரி ஓட்டியவர். அங்கிருந்து எதைக் கொண்டுவந்தாலும் தானே கண்டுபிடித்ததுபோல் காட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து முன்னால் லோரியை நிறுத்தி, ஒரு பெட்டியைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு இறங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெட்டிக்குள் இருந்தது கம்ப்யூட்டர்! மாமாவின் முதலாளி தவுக்கே தன் மகனுக்காக வாங்கிவரச் சொன்னது. சாயங்காலம் கோலசிலாங்கூரில் ஒப்படைத்தாக வேண்டும். அதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துவிடலாம் என்பது மாமாவின் திட்டம்.

லயத்துக்குப் பகலிலும் கரண்ட் வந்த வருஷம் அது. கம்ப்யூட்டரை டிவியோடு இணைப்பதற்குள் பாதி லயம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. புதுச் சாமான் வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவுக்கு ஒரே சட்டம்தான். சந்தனம் குழைத்து கீபோர்டுக்கு ஒரு பொட்டு, ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு பொட்டு, அதன் வயர் முனைக்கும் தாராளமாக ஒரு பொட்டு வைத்தாள். அடுத்தவன் சாமான் என்று அப்பா முணுமுணுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை.

விளையாட்டு ஒரு கேசட்டில் இருந்தது. அது கீச்சுக் கீச்சென்று ஓடி, கம்ப்யூட்டருக்குள் ஏறி முடியக் கால் மணி நேரம் ஆனது. கடைசியில் திரையில் குட்டி விமானம் ஒன்று வந்து நின்றதும் நாங்கள் போட்ட கூச்சலில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறின. மாமா ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தார். விமானம் அசையவில்லை. வலப்பக்கம் சாய்த்தார், தானும் சேர்ந்து சாய்ந்தார். அப்போதும் அசையவில்லை. எதிரிகள் நிதானமாக வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். வயரைப் பிடுங்கிச் சொருகினார், அழுத்திச் சொருகினார். ஜாய்ஸ்டிக் என்று ஒன்று இருப்பதையே கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை.

"கெடுத்துட்டேன்லா. தவுக்கே என்னை வேலைய விட்டே தூக்கிருவான்," என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்பாவின் தங்கையான என் அத்தை, ஷா ஆலம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை பார்த்தாள். ஷிப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. நைட் ஷிப்ட் முடித்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். யாரையும் கேட்காமல் வயரைப் பிடுங்கி, அதன் முனையை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இதுக்கு யாரு பொட்டு வச்சது?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா டிவியைப் பார்த்தாள்.

"ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்கு. அப்புறம் எப்படி வேலை செய்யும்?"

ஊக்கு முனையால் அத்தை ஒவ்வொரு ஓட்டையாகச் சந்தனத்தைத் தோண்டினாள். யூடிகொலோன் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுச் சொருகினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தார்.

விமானம் நகர்ந்தது! நாங்கள் குதித்த குதியில் வீட்டுப் பலகையெல்லாம் அதிர்ந்தது. மாமா அத்தையைக் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் ஆட்டம் அவளுக்குத்தான் என்று நான் ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் திணித்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவள் கடைசியில் உட்கார்ந்தாள்.

"அத்தே, மேல வருது, சுடுங்க!"

"எங்கடி?"

எதிரி தலைக்கு மேலேயே வந்து நிற்கிறான், இவள் எங்கடி என்கிறாள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று விமானம்; ஒரு நிமிடத்துக்குள் மூன்றும் காலி. எங்களைச் சிரிக்கவைக்கத்தான் அப்படி ஆடுகிறாள் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தையும் சிரித்தாள்.

அவள் நிஜமாகவே கேட்டாள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சில மாதம் கழித்து, பேக்டரியில் கண்ணைச் சோதித்து அவளை வேலையிலிருந்து நிறுத்தியபோதும் தெரியவில்லை. இனிமேல் ராத்திரியும் பகலும் அத்தை வீட்டில்தான் இருப்பாள் என்று, லயம் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன்.