அண்ணிக்கு நான் கொடுத்த சுறா

கெடுதல் என்று தெரிந்த பிறகும் ஒரு கர்ப்பிணிக்குச் சுறாமீன் சமைத்துக் கொடுத்தவள் நான். பழி அவர்மீதே விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தவளும் நான்தான்!

கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்...

வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கும் என் அண்ணி ஜெயா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோலுக்குப் பசை தடவும் வேலை பார்த்தார். முதல் பிள்ளை உண்டானபோது எதைச் சாப்பிட்டாலும் குமட்டல். நான் செய்துகொடுத்த சுறாப்புட்டு மட்டும் இறங்கியது. மார்க்கெட்டில் பெரிய சுறாவாகப் பார்த்து அடிக்கடி வாங்கி வந்தேன். நர்ஸ் நாத்தனார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வார்.

அவருக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, எங்கள் மருத்துவர் செவிலியருக்கு வகுப்பெடுத்தார். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது கருவின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கலாம், கர்ப்பிணிகளை மத்தி, நெத்திலி சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். மறுநாளே வந்த பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

வீட்டில் சொல்லவில்லை.

ஏன்? இத்தனை நாள் நீதானே கொடுத்தாய் என்று கேட்பார்களே... எல்லாம் தெரிந்தவள் என்ற பெயர் போய்விடுமே... அந்த வாரமும் சுறா வாங்கினேன். பிரசவம்வரை வாங்கினேன்!

ஷீபா பிறந்தாள். பள்ளியில் சேர்த்த பிறகும் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். திடீரென்று கத்துவாள். கூடப் படிக்கும் பிள்ளையைக் கடித்துவிட்டாள். குழந்தை மருத்துவரிடம் நானும் போனேன். கர்ப்பத்தில் பெரிய மீன் அதிகம் சாப்பிட்டதுண்டா என்று அவர் கேட்டார். அண்ணி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல டாக்டர். எப்பவாச்சும் மத்திதான்."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸுக்குத் தெரியாததா என்று நினைத்து விட்டுவிட்டிருப்பார்.

மீன்தான் காரணமா? உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியையே மூடிவிட்டேனே...

கம்பெனிப் பசை நெடிதான் காரணம் என்று அண்ணன் முடிவுகட்டினார். வயிற்றில் பிள்ளையோடு வேலைக்குப் போனவள் என்று தினமும் குத்திக்காட்டினார். அண்ணி வேலையை விட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இப்போது அவர் மறுபடி கர்ப்பம். போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் சுறாப்புட்டு வேண்டும் என்றார். இம்முறை பொறுக்க முடியவில்லை. பாதரசத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அண்ணியின் முகம் வெளுத்தது. "அப்போ... ஷீபா வயித்துல இருந்தப்ப?"

"அப்ப எனக்கே தெரியாது அண்ணி. இப்பதான் க்ளாஸ்ல சொன்னாங்க."

அன்று டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே எஸ்தர். ஆசைப்பட்டுத் தின்னது நான்தானே. அதுக்கும் என்னைத்தான் திட்டுவாரு."

சொல்லமாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன்.